பச்சையாகத் தெரியும் காம்புட் நிலம்: செயற்கைக்கோள் படத்தை வைத்து அதன் நிலையை மதிப்பிட முடியுமா?

பெஸ்தாரி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். மூத்தவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் தெரியும். எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளும், வடக்கே ராஜா மூசா வனக் காப்பகமும் இருக்கின்றன. வறட்சிக் காலம் நீண்டால், காம்புட் எனப்படும் சதுப்பு நிலக் கரிம மண் புகையும் வாடை ஊருக்குள் வந்துவிடும். 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்தப் புகையின் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது என்றாலும், நம் காலடி மண்ணும் தீப்பிடிக்கக்கூடியது என்ற அச்சம் அதன்பின் ஊரில் நிலைத்துவிட்டது.

ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலர், இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களை எடுத்து, தாவரச் செழுமைக் குறியீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தோட்டம், காடு, பாரிட் (வடிகால்) ஓரம் என்று எல்லாமே அடர்பச்சையாக வந்திருக்கிறது. ஊர் நலக் குழுவில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நிலம் நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்பதை விளக்கத் தெரியவில்லை. இத்துறை அறிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தொலையுணர்வாளர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நில மாற்றங்களை ஆராயும் பணியில் இருக்கிறேன். உங்கள் மாணவர்கள் எடுத்த படமும் போட்ட கணக்கும் சரியாகவே இருக்கும். அதிலிருந்து நிலம் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் பிழை.

காம்புட் மண் என்பது, தேங்கிய நீரில் முழுமையாக மட்காமல் கிடக்கும் மரம், வேர், இலை ஆகியவற்றின் படிவு. நீர் நிறைந்திருக்கும்போது உயிர்வளி உள்ளே புகுவதில்லை; அதனால் நுண்ணுயிர்களால் அதைச் சிதைத்து முடிக்க இயலுவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு என்ற அளவில், சில ஆயிரம் ஆண்டுகளாக உயர்ந்த மண் அது. பாரிட் வெட்டி நீரை இறக்கினால் காற்று உள்ளே போகிறது, சிதைவு தொடங்குகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே காம்புட் நிலத்தின் நலத்தைத் தீர்மானிப்பது, நீர்மட்டம் தரைக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதுதான். மேலே நிற்கும் இலையின் நிறம் அதைச் சொல்லாது.

தாவரச் செழுமைக் குறியீடு சிவப்பு ஒளியையும், அதற்கு அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு, இலைத்திரள் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கூறுகிறது. ஓலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட செம்பனைத் தோட்டத்தில் அந்த எண் உச்சத்தை அடைந்து அங்கேயே நின்றுவிடும். இயற்கையான சதுப்புக் காட்டிலும் ஏறத்தாழ அதே எண்தான் வரும். தீப்பட்ட இடத்தில்கூட, சில மாதங்களில் பன்னச்செடியும் லாலாங் புல்லும் மூடிக்கொண்டால் படம் மறுபடியும் பச்சையாகிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காம்புட் மண்ணில் செம்பனை செழித்து வளர வேண்டுமானால் நீரை இறக்கியே ஆக வேண்டும். எனவே அந்த அடர்பச்சை, அடியிலுள்ள மண் காய்ந்து கரைந்துகொண்டிருப்பதன் அடையாளமாகவே இருக்கக்கூடும். பச்சை நிறத்தை மட்டும் நம்பி வரையப்பட்ட காம்புட் நல வரைபடம் எதையும் நான் ஏற்பதில்லை.

இதனால் ஒளிப்படங்கள் பயனற்றவை என்று கொள்ள வேண்டாம். நில மூடாக்கு எப்படி மாறியது என்பதை அவற்றைப்போல வேறெதுவும் காட்டாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த கணக்கின்படி, தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றின் காம்புட் நிலங்களில் 1990இல் 76 விழுக்காடு சதுப்புக் காடாக இருந்தது. 2015இல் அது 29 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பெரிய தோட்டங்களும் சிறுதோட்டங்களும் சேர்ந்து 11 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக வளர்ந்துவிட்டன. இந்த அளவுக்கு ஒளிப்படம் போதும். காடு போன இடத்தில் மண் எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் வேறு கருவி வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராணி

காம்புட் மண் தோட்டமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மண் இறங்குவதைப் படத்தில் தேட வேண்டியதே இல்லை, கண்ணெதிரே தெரியும். செம்பனையின் அடிவேர் தரைக்கு மேலே வந்து நிற்கும். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு குருத்து மட்டும் நிமிர்ந்து வளரும். லயத்து வீடுகளுக்குக் கட்டியபோது இரண்டு படி போதுமானதாக இருந்திருக்கும். பிறகு மூன்றாவது படி கட்டுவார்கள், அதன் கீழும் இடைவெளி விழும். தூண்கள் அடியில் உள்ள களிமண் வரைக்கும் இறக்கப்பட்டிருப்பதால் வீடு அப்படியே நிற்கும், சுற்றியுள்ள தரைதான் தாழ்ந்துபோகும்.

நீர்மட்டத்தைக் காப்பது தண்ணீர்க் கதவு பார்ப்பவரின் பொறுப்பு. பாரிட்டில் நீர் தரைமட்டத்துக்கு 50 முதல் 70 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றிய அளவு. மழை பலமாக இருந்தால் குலை வெட்ட ஆள் இறங்க முடியவில்லை என்று கதவைத் திறப்பார்கள்; பிறகு மூட மறந்தால் ஒரே மாதத்தில் நீர் ஒரு மீட்டருக்குக் கீழே போய்விடும். மறுபடியும் மழை வந்தாலும் மேல்மண் நீரை ஏற்காது. ஒருமுறை முற்றாகக் காய்ந்த காம்புட் மண் தூளாகிவிடும், நீர் அதன்மேல் ஓடிப்போகும்.

என் கேள்வி இதுதான், தங்கையே: இந்த இறக்கத்தை மேலிருந்து அளக்க முடியுமா?

தொலையுணர்வாளர்

முடியும், ஐயா. நீங்கள் படிக்கட்டில் கண்டதைத்தான் ரேடார் செயற்கைக்கோள் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-1 2014இல் ஏவப்பட்டது. அது 5.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையைத் தரைக்கு அனுப்பி, திரும்பிவரும் அலையைப் பதிவு செய்கிறது. மேகமோ இரவோ அதற்குத் தடையில்லை. 12 நாட்கள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் பதிவு செய்கிறது. இடையில் தரை இறங்கியிருந்தால் அலை சற்றுக் கூடுதல் தூரம் போய்வர வேண்டியிருக்கும். இரண்டு பதிவுகளின் அலைக்கட்டத்தை ஒப்பிட்டால் அந்த வேறுபாடு தெரிந்துவிடும். இந்த முறைக்கு இன்சார் என்று பெயர்.

தென்கிழக்காசியக் காம்புட் நிலங்களில் ஜப்பானின் அலோஸ் செயற்கைக்கோள் 2007 முதல் 2011 வரை எடுத்த பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆராய்ந்த பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. சராசரி வேகம் ஆண்டுக்கு 2.24 சென்டிமீட்டர். மேற்கு ஜொகூரில் தரையில் அளவுகோல் நட்டுப் பல ஆண்டுகள் அளந்தவர்களும் ஏறத்தாழ ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றே 1997இல் எழுதினார்கள். வெவ்வேறு காலம், வெவ்வேறு முறை. ஆயினும் இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.

இரண்டு சென்டிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு ஹெக்டரில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்பது 100 கன மீட்டர். காய்ந்த காம்புட் மண் கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம் என்று வைத்தால் 10 டன். அதில் பாதி கரிமம் என்றால் 5 டன். அது முழுதும் கரியமில வாயுவானால் 18 டன்னுக்குச் சற்று மேல் வரும். சிலாங்கூரில் மட்டும் ஏறத்தாழ 164,000 ஹெக்டர் காம்புட் நிலம் உள்ளது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சராசரி வேகத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உயிருள்ள காம்புட் நிலம் மழைக்காலத்தில் நீரை ஏற்றுச் சில சென்டிமீட்டர் உயரும், வறட்சியில் தாழும். இப்படி மூச்சு விடுவதுபோல் ஏறியிறங்கும் நிலத்தில் நீரும் மண்ணும் இன்னும் ஒன்றாக இயங்குகின்றன. ஏறாமல் இறங்க மட்டும் செய்யும் நிலம், கிராணி ஐயா சொன்ன நீரேற்காத நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே ஆண்டின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு பதிவையும் காலவரிசையில் வைத்து அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

கிள்ளான் பொறியாளர்

கரையோரச் சாலைப் பணிகளில் இந்த மண்ணோடு போராடியவன். சொன்னவற்றை மறுக்கவில்லை; ஆனால் மாணவர்கள் கையில் இதைக் கொடுக்குமுன் சில எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, 5.6 சென்டிமீட்டர் அலை செம்பனை ஓலையில் பட்டே திரும்பிவிடும். காற்றில் ஓலை அசைந்தாலே இரண்டு பதிவுகளுக்கிடையே தொடர்பு அறுந்துபோகும். கட்டடம், சாலை, வெற்றுத் தரை ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும் முறை, நமக்கு வேண்டிய இடத்தில்தான் தடுமாறுகிறது. ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் இலைகளைத் தாண்டி உள்ளே போகும். மேலே குறிப்பிட்ட 2020 ஆய்வு நம்பகமாக அமைந்ததற்கு அலோஸ் அந்த நீள அலையைப் பயன்படுத்தியதும் ஒரு காரணம்.

இரண்டாவது, இறக்கம் எல்லாம் சிதைவு அன்று. புதிதாகப் பாரிட் வெட்டிய நிலம் முதல் சில ஆண்டுகளில் நீர் வடிந்து, தன் எடையாலேயே அமுங்கி, ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கிவிடும். அந்த இறக்கத்தின் பெரும்பகுதி கரிமம் குறைவதால் வருவதன்று, மண் இறுகுவதால் வருவது. 18 டன் கணக்கை அந்த நிலத்துக்கு அப்படியே போடக்கூடாது.

மூன்றாவது, இன்சார் தருவது ஓர் அசையாத இடத்தோடு ஒப்பிட்ட அளவு. அந்த இடமும் களிமண் கரையில் இருந்து தானும் இறங்கினால் கணக்கு முழுதும் சாயும்.

நான்காவது, இணையத்தில் கிடைக்கும் நிலவுயரத் தரவுகளை வைத்து "எங்கள் தோட்டம் கடல்மட்டத்துக்கு இவ்வளவு மேலே" என்று சிலர் எழுதுகிறார்கள். 2000இல் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்த உயரம் காட்டில் மர உச்சிக்கு அருகில் இருக்கும், தரையில் இராது. மரம் வெட்டப்பட்ட இடத்தை மண் இறங்கிய இடமென்று நினைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு.

தொலையுணர்வாளர்

நான்கையும் ஏற்கிறேன். முதலாவதைப் பற்றி மட்டும் ஒரு சொல்: தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்தாலும் அதைச் சேர்த்துக் கணக்கிடும் முறையைப் பிரிட்டனில் உருவாக்கி, சென்டினல்-1 பதிவுகளைக் கொண்டு சிப்பாங் விமான நிலையச் சுற்றுப்புறக் காம்புட் நிலத்தில் பயன்படுத்தி, 2018இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். நம் மண்ணில் முயன்று பார்த்த முறைதான். மேலும், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது 24 சென்டிமீட்டர் அலையுடன் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகிறது. செம்பனைத் தோட்டங்களைப் பொறுத்தவரை நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது அதன் தரவுகளைத்தான்.

தெலுக் இந்தான் சிறுதோட்டக்காரர்

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் பக்கம் காம்புட் நிலத்தில் ஆறு ஏக்கர், எட்டு ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள் பலர். வானத்திலிருந்து அளந்து "உங்கள் நிலம் கெட்ட நிலம்" என்று சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால், அதன் விளைவு எங்கள் குலை விலையில் வந்து நிற்கும் என்ற கவலை எங்களுக்கு உண்டு. அருகிலிருக்கும் பெரிய பாரிட்டின் கதவு எங்கள் கையில் இல்லை. அங்கே நீரை இறக்கினால் எங்கள் நிலமும் சேர்ந்து காய்கிறது. படத்தில் தெரிவது எங்கள் எல்லைக்குள் நடப்பது. காரணம் எல்லைக்கு வெளியே.

தொலையுணர்வாளர்

அண்ணா, உங்கள் கவலை நியாயமானது. காம்புட் நிலத்தை நில உரிமை எல்லைப்படி மதிப்பிடுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும் காம்புட் மேடு முழுவதும் ஒரே நீர்த்தொகுதி. ஓரத்தில் ஆழமான கால்வாய் வெட்டினால், நடுவில் இருக்கும் காடும் பல நூறு மீட்டருக்கு அப்பால் வரை காய்கிறது. ராஜா மூசாவில் அதைத்தான் காண்கிறோம். அந்தக் காடு 1990இல் வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; ஆனால் அதற்கு முன்பே மரம் இழுக்க வெட்டிய கால்வாய்கள் நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தன. அதனால்தான் அங்கே கால்வாய்களை அடைத்து, மஹாங் மரங்களை நட்டு மீட்கும் பணி நடந்து வருகிறது. தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கும் அந்தக் காட்டின் நீர் தேவை என்பதால் இது காட்டின் நலனோடு மட்டும் நிற்பதில்லை.

எனவே வரைபடத்தில் முதலில் வரைய வேண்டியது கால்வாய்களை. பெரிய கால்வாய்கள் சென்டினல்-2இன் 10 மீட்டர் படத்தில் தெரியும்; தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய பாரிட்டுகள் தெரியாது, அவற்றை ஊரார்தான் குறித்துத் தர வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1980களிலிருந்தே 30 மீட்டர் துல்லியத்தில் உள்ளன, 2008 முதல் இலவசம். எந்தக் கால்வாய் எந்த ஆண்டுக்கு முன் இல்லை என்று அவற்றைக் கொண்டு காட்டலாம். உங்கள் நிலம் காய்வதற்குக் காரணம் எல்லைக்கு வெளியே என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆவணம் அதுவாகவே இருக்கும்.

கிள்ளான் பொறியாளர்

சிறுதோட்டக்காரர் அண்ணாவுக்கு இன்னொன்று. செம்பனை எண்ணெய் நிலைத்தன்மைக்கான வட்டமேசை அமைப்பு, தன் உறுப்பினர்கள் 2018 நவம்பர் 15க்குப் பிறகு காம்புட் நிலத்தில் புதிதாக நடக்கூடாது என்று விதித்தது. ஏற்கெனவே உள்ள தோட்டங்களில் மறுநடவுக்கு முன், நீரைத் தானாக வடிக்க இனியும் முடியுமா என்று மதிப்பிடச் சொல்கிறது. விதி இருக்கட்டும்; இது உங்கள் சொந்தக் கணக்குக்கே தேவை. நிலம் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் 25 ஆண்டுச் சுற்றில் அரை மீட்டர். அலையேற்றத்தின்போது ஆற்று மட்டத்துக்கும் உங்கள் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்த இடைவெளி தீர்ந்தபிறகு பம்பு வைத்து இறைக்காமல் அங்கே எதுவும் நிற்காது.

பெஸ்தாரி ஆசிரியர்

மிக்க நன்றி. தீயைப் பற்றியும் ஒரு கேள்வி. வெப்பப் புள்ளி வரைபடத்தில் எங்கள் பகுதியில் ஒன்றும் இல்லாத நாட்களிலும் புகை வாடை இருக்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

தொலையுணர்வாளர்

வெப்பப் புள்ளி என்பது, செயற்கைக்கோள் கடக்கும் அந்த வேளையில் சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாக இருந்த ஒரு கட்டம். மோடிஸ் கருவிக்கு அந்தக் கட்டம் ஒரு கிலோமீட்டர், வியர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். கொழுந்துவிட்டு எரியும் தீயை இவை நன்றாகப் பிடிக்கும். காம்புட் தீயோ பெரும்பாலும் மண்ணுக்கடியில் தணலாகப் பரவுகிறது. மேலே வரும் வெப்பம் குறைவு, புகை மிகுதி. அடர்ந்த புகையும் மேகமும் அதையும் மறைத்துவிடும். ஆகவே வெப்பப் புள்ளி இல்லை என்பதைத் தீ இல்லை என்று படிக்கக்கூடாது. மறுபக்கம், சூடேறிய பெரிய தகரக் கூரையும் சில வேளைகளில் புள்ளியாக விழும்.

எரிந்த பரப்பை அறிய, வானம் தெளிந்தபின் வரும் சென்டினல்-2 படத்தில் குறுவலை அகச்சிவப்புப் பட்டையைப் பாருங்கள். ஈரம் உள்ள இடம் இருண்டும் காய்ந்த, எரிந்த இடம் பளிச்சென்றும் தெரியும். தீக்குப் பின் சில வாரங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு பன்னம் மூடிவிடும்.

ஓய்வுபெற்ற கிராணி

ஆசிரியரே, மாணவர்களுக்கு நான் சொல்வது: படம் பார்க்கும்போதே தரையிலும் ஓர் அளவை வையுங்கள். துளையிட்ட பிவிசி குழாயைக் காம்புட் மண்ணில் இறக்கி மூடி போட்டால் நீர்மட்டம் பார்க்கலாம். அதன் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பத்தைக் களிமண்ணில் ஊன்றும் வரை அடித்து, தரை தொடும் இடத்தில் குறியிட்டால் இறக்கம் பார்க்கலாம். நிலத்துக்காரரிடமும் வன இலாகாவிடமும் முறையாக அனுமதி பெற்றுச் செய்யுங்கள். கம்பம் அடித்துத் தரும் வேலையை நான் ஏற்கிறேன்.

பெஸ்தாரி ஆசிரியர்

ஐயா, மனமார்ந்த நன்றி. குழாயை எங்கே வைப்பது? பாரிட் ஓரத்தில் வைத்தால் அளப்பதற்கு எளிதாக இருக்குமே.

தொலையுணர்வாளர்

பாரிட் ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். அங்கே பாரிட்டின் மட்டத்தைத்தான் அளப்பீர்கள். இரண்டு பாரிட்டுகளுக்கு நடுவில் ஒன்று, ஓரத்திலிருந்து சில மீட்டரில் ஒன்று, இரண்டுக்கும் இடையில் ஒன்று என்று குறுக்குக்கோட்டில் வையுங்கள். காட்டோரத்திலும் இதேபோல் ஒரு வரிசை இருந்தால் ஒப்பிடலாம். கம்பத்தை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்துச் சுற்றிலும் வேலி கட்டுங்கள். மிதித்தாலே இந்த மண் அமுங்கும். சென்டினல்-1 உங்கள் ஊரைக் கடக்கும் தேதிகள் முன்கூட்டியே கிடைக்கும். அதே நாட்களில் அளந்து, மழையளவையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். பிப்ரவரி, மார்ச் வறட்சியும் அதற்குப் பின்வரும் மழையும் ஒருமுறை முழுதாகக் கடந்தபின் அந்த எண்களை இங்கே இடுங்கள். அதே இடத்தின் ரேடார் வரிசையை எடுத்து நான் பக்கத்தில் வைக்கிறேன்.